அரசுக்கு ஒரு மெய்க்கீர்த்தி

திருச்சிப் பக்கத்துக் கோயில்களில் கல்வெட்டு வாசிக்கப் பழகியவர்களுக்கு ஒரு முறை தெரியும். எடுத்த எடுப்பில் விஷயம் வராது. முதலில் அரசனின் மெய்க்கீர்த்தி: யாரை வென்றான், எந்த நாட்டைக் கொண்டான் என்ற வரிசை. ராஜராஜ சோழன் நிலைநிறுத்திய வழக்கம் அது. நிலமும் விளக்கும் நெய்யும் அதற்குப் பிறகுதான் வரும். எனக்கும் அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஆகவே நானும் புகழிலிருந்தே தொடங்குகிறேன்.

எடமலைப்பட்டி புதூரில் குடியிருப்பவன் நான். எங்களுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், விமான நிலையத்துக்கு அருகே, கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. பழைய ஆட்கள் இன்றும் ‘சிலோன் கேம்ப்’ என்றே சொல்வார்கள். அதே திசையில் மத்திய சிறை வளாகத்துக்குள் சிறப்பு முகாம் என்று இன்னொன்றும் உண்டு. அரசே, இரண்டும் உன் கைவண்ணம். இதில் டெல்லியும் சென்னையும் ஒரே வண்டியின் இரு சக்கரங்களாகவே ஓடியிருக்கின்றன. அதனால் இரண்டையும் சேர்த்து, புலவர்கள் மன்னனை அழைத்த உரிமையோடு, ‘நீ’ என்றே அழைக்கிறேன். இங்கே சொல்லப்போகும் புகழில் ஒன்றும் கற்பனை இல்லை.

முதலில் உன் கொடை. 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது படகேறி வந்த ஈழத் தமிழர்களை நீ திருப்பி அனுப்பவில்லை. அந்த ஆண்டு தொடங்கி, போர் ஓய்ந்த காலம் வரை, மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் அலை அலையாக வந்தார்கள். கடலோர மண்டபம் முகாமில் அவர்களுக்குச் சோறும் கூரையும் கிடைத்தன. அந்த மனம் உண்மையானது. அதை மறைத்தால் இந்த எழுத்துக்கு நேர்மை இருக்காது. வந்தாரை வாழவைக்கும் நாடு என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு அன்று ஓர் ஆதாரம் இருந்தது.

பிறகு மாவட்டந்தோறும் முகாம் அமைத்தாய். பத்துக்குப் பத்து அறைக்குள் ஒரு குடும்பம் சமைக்கலாம், படுக்கலாம், பிள்ளை படிக்கலாம், வயதுக்கு வந்த பெண் உடை மாற்றலாம் என்று உலகுக்குக் காட்டினாய். தற்காலிகம் என்று சொல்லிக் கட்டிய அறையில் பிறந்த பிள்ளை அங்கேயே வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, அதே சுவருக்கு நடுவே தன் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியது. ‘தற்காலிகம்’ மூன்று தலைமுறைக்குத் தாங்கும்படி கட்டிய கொத்தனார் வேறு எந்த நாட்டில் இருக்கிறார்? 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தாய். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட முடிவு செய்தாய். அவை எழுந்த இடங்களில் மழைக்கு ஒழுகாத கூரையின் கீழ் மக்கள் படுக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்வது கடமை. முகாம் வாசலில் பெயர்ப்பலகையையும் ‘அகதிகள்’ என்பதிலிருந்து ‘மறுவாழ்வு’ என்று மாற்றினாய். பலகைக்கு உள்ளே இருப்பவர்களின் சட்ட நிலையை மட்டும் இருந்தது இருந்தபடியே வைத்தாய்.

மாதாமாதம் பணக்கொடையும் தருகிறாய். 2021இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவருக்கு 1,000, சிறு பிள்ளைக்கு 500. தலைவர் அல்லாத பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 33 ரூபாய். மீதியை அவர்களே தேடிக்கொள்கிறார்கள். எங்கள் புதூரிலும் பஞ்சப்பூர்ப் பக்கமும் எழும் புது வீடுகளில் பட்டி பார்த்துக்கொண்டும், சாரத்தில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டும் இருப்பவர்களில் முகாம் ஆட்களும் உண்டு. தமிழ்நாட்டு முகாம் ஆண்களில் பெரும் பங்கினருக்கு இந்தப் பெயின்டிங் வேலைதான் சோறு. அவர்களில் பட்டம் முடித்தவர்களும் இருக்கிறார்கள். கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவும் வைத்தாய், குடிமகன் அல்லாதவருக்கு அரசு வேலை இல்லை என்று கதவையும் சாத்தினாய். கல்வி கல்விக்காகவே என்று பெரியோர் சொல்வதுண்டு. அதை முழுமையாக நடைமுறைப்படுத்தியவன் நீ ஒருவனே.

அடுத்தது உன் கணக்கு வழக்கு. மாதம் ஒரு நாள் வருவாய்த் துறை அலுவலர் முகாமுக்கு வந்து பெயர் வாசிப்பார். முகாமில் அதற்குச் ‘செக்கிங்’ என்று பேர். அன்று கூலி வேலை கிடையாது. வெளியூரில் சாரத்தில் நிற்பவர் இறங்கிப் பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்க வேண்டும். வராதவருக்கு அந்த மாதப் பணம் நிற்கும், பெயரும் அடிபடக்கூடும். உளவு பார்க்கும் கியூ பிரிவுப் போலீஸாரிடம் தனிக் கணக்கு உண்டு. 2016 மார்ச்சில் மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமில் இப்படி ஒரு செக்கிங் நடந்தது. உடல்நலமில்லாத மகன் வரிசைக்கு வர முடியவில்லை. அவன் பெயரைப் பதியச் சொல்லி மன்றாடினார் தகப்பன். அது மறுக்கப்பட்ட பின் உயர் அழுத்த மின்கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். அடுத்த மாதப் பட்டியலில் ஒரு பெயர் குறைந்திருக்கும். கூட்டல் பிசகியிருக்காது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படி எண்ணியதில், எந்த அரசும் தன் சொந்தக் குடிகளை அறியாத அளவுக்கு நீ இவர்களை அறிந்துவிட்டாய். முகாமில் இருக்கும் சுமார் 58,000 பேரில் யார் எந்த ஆண்டு எந்தப் படகில் வந்தார், யாருக்கு எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி, யார் இறந்தார், யார் மருமகளாக வந்தார் என்பதெல்லாம் உன் பேரேட்டில் இருக்கிறது. வெளியே காவல் நிலையப் பதிவோடு வாழும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரமும் அப்படியே. அறிய வேண்டியது இனி எதுவும் மிச்சமில்லை. எல்லாம் அறிந்த பிறகும் ஒரு முடிவைச் சொல்லாமல் இருக்க அசாத்தியமான மன உறுதி வேண்டும். உன் எல்லாப் பெருமைகளுக்கும் வேர் இந்த உறுதிதான்.

உன் நாள் கணிப்பைச் சொல்லாமல் விட்டால் பஞ்சாங்கக்காரர்கள் கோபிப்பார்கள். 1987 ஜூன் 30 அன்று மண்டபம் முகாமில் ஒரு குழந்தை பிறந்தால் அது பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். மறுநாள் ஜூலை 1 அன்று பக்கத்துப் பாயில் பிறந்த குழந்தைக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தாக வேண்டும். 2004 டிசம்பர் 3 தொடங்கிப் பிறந்தால் ஒருவர் இந்தியர் என்பதும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஒரே மருத்துவச்சி, ஒரே ஊர்த் தண்ணீர், ஒரே தாலாட்டு. நள்ளிரவு மணி அடித்ததும் நாடு மாறிவிடுகிறது. இத்தனை நுட்பமாக நாள் பார்க்க எந்தச் சோதிடராலும் ஆகாது.

அந்த முதல் கோட்டுக்கு முன்பே, 1986இல், மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் கொட்டப்பட்டு முகாமில் வளர்ந்தார். சட்டத்தின் எழுத்துப்படி முதல் மூச்சிலிருந்தே இந்தியர். அதை உனக்கு எடுத்துச் சொல்ல அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. 2022இல் கடவுச்சீட்டு வழங்க உத்தரவு கிடைத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தன் வாழ்வின் முதல் வாக்கைச் செலுத்தினார். தனக்குத் தெரிந்த சட்டத்தைத் தானாகச் செயல்படுத்தாமல், ஏழைப் பெண் ஒருத்தி வழக்குத் தொடுக்கும் வரை காத்திருந்து, நீதிமன்றத்துக்குப் பெருமை தேடிக் கொடுத்த உன் அடக்கம் பெரிது.

2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் கொண்டுவந்தபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவருக்கு வழி திறந்தாய். ராமேஸ்வரத்துக்கு மிக அருகில் இருக்கும் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. பெரும்பாலும் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமான ஈழத் தமிழர்கள், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கிடக்கும் சுமார் 30 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வந்த குற்றத்தால் வெளியே நின்றார்கள். எல்லையோரத்து இஸ்லாமியரையும் எங்கள் தமிழரையும் ஒரே வரிசையில் நிறுத்தி விலக்கிய உன் சமநோக்கை மதச்சார்பின்மை பேசுபவர்கள் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

2025 செப்டம்பரில் இன்னொரு தேதி தந்தாய். 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் தங்கியதற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்றாய். நீயே முகாமில் வைத்து, நீயே எண்ணி, நீயே பணம் கொடுத்து, ‘இங்கே இருந்ததற்காக உன்னைச் சிறையில் போட மாட்டேன்’ என்று நாற்பத்திரண்டாம் ஆண்டில் எழுத்தில் தந்தாய். முகாம்களில் அன்று பலர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். நாற்பதாண்டு குடியிருப்புக்கு அந்த அளவு ஆறுதலே பெரிது என்று மக்களைப் பழக்கியதும் உன் சாதனை.

அகதிகள் பற்றி 1951இல் உலக நாடுகள் உருவாக்கிய உடன்படிக்கையில் நீ கையெழுத்திடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கென ஒரு சட்டம் இயற்றவில்லை. சட்டம் என்று எழுதிவிட்டால் அதைக் காட்டி ஏழைகள் உரிமை கேட்பார்கள். எழுதாமல் விட்டால் தருவதெல்லாம் கருணை, மறுப்பதெல்லாம் நிர்வாகம். இதைவிட வசதியான ஆட்சிமுறை அர்த்தசாஸ்திரத்திலும் கிடையாது. 2022 மார்ச்சில் இலங்கையில் அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போனபோது பட்டினியால் படகேறியவர்கள் இந்த ஆட்சிமுறையை நேரில் கண்டார்கள். படகோட்டி இருட்டில் அரிச்சல்முனைப் பக்கத்து மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். கைக்குழந்தையோடு, தண்ணீர் இல்லாமல், கடலோரக் காவல் படை வரும் வரை அந்த மணலில் நிற்க வேண்டும். அந்த ஜூனில் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கடற்கரையில் முதிய தம்பதி மயங்கிக் கிடந்தார்கள். மனைவி சில நாளில் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். அப்படி வந்தவர்களை மண்டபத்தில் தங்கவைத்துச் சோறு போட்டது தமிழ்நாட்டு அரசு. அகதி என்ற பதிவை டெல்லி தரவில்லை. பசித்து வருகிறவர்களுக்கு இலை போட்டு, விருந்தாளிப் பட்டியலில் பெயர் சேர்க்காமல் விடும் நுட்பம் உன்னிடம் மட்டுமே உண்டு. பின்னால் வந்த 2015 தேதிக் கோட்டுக்கும் அவர்கள் வெளியேதான்.

உலகம் முழுவதிலிருந்தும் வரும் அகதிகளை ஏற்க இந்தியா ஒன்றும் தர்மசாலை அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் வாய்மொழியாகக் குறிப்பிட்டது. அதை ஒப்புக்கொள்கிறேன். எந்தத் தர்மசாலையிலும் மூன்று தலைமுறையைத் திண்ணையிலேயே வைத்திருக்க மாட்டார்கள்.

இனி எங்கள் ஊரின் தனிப் பெருமை. வெள்ளைக்காரன் போவதற்கு முன் 1946இல் எழுதிய வெளிநாட்டவர் சட்டத்தில், ஓர் அந்நியரை ஒரு குறிப்பிட்ட இடத்தில் வசிக்கச் சொல்லும் பிரிவு ஒன்று இருந்தது. அந்தப் பிரிவை நட்டு 1990 தொடங்கிச் சிறப்பு முகாம்களை விளைவித்தாய். வேலூர்க் கோட்டை, செங்கல்பட்டு, பூந்தமல்லி என்று ஊர் ஊராகப் போய், இப்போது அது எங்கள் சிறை வளாகத்தில் நிலைத்திருக்கிறது. வழக்கில் ஜாமீன் கிடைத்தவர் அங்கே போவார். தண்டனை முடித்தவரும் போவார். நீதிமன்றம் கதவைத் திறந்தால் அடுத்த கதவை நிர்வாக உத்தரவு மூடும். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, ஆகவே விடுதலைத் தேதியும் இல்லை. எந்த நாள் வெளியே போவோம் என்று கேட்டு அங்கே எத்தனையோ முறை உண்ணாவிரதம் நடந்திருக்கிறது. நீயோ அது சிறையே இல்லை என்கிறாய். சிறையாக இருந்தால் சிறை விதிகளின் பாதுகாப்பாவது கிடைத்திருக்கும். அந்தத் தொந்தரவிலிருந்தும் அவர்களை விடுவித்தாய்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த சாந்தனையும் மற்றவர்களையும் 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அந்தக் கொலை இந்த நாட்டின் ஆறாத புண். உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு நீதி கேட்கும் உரிமை என்றும் உண்டு. ஆனால் நீதியைச் சொல்ல வேண்டிய மன்றம் சொல்லி முடித்துவிட்டது. சாந்தன் உட்பட விடுதலையான இலங்கைக்காரர் நால்வரை நீ திருச்சிச் சிறப்பு முகாமுக்கு அழைத்து வந்தாய். யாழ்ப்பாணத்தில் இருக்கும் முதிய தாயைப் பார்க்க வேண்டும் என்பதே சாந்தனின் கோரிக்கை. பயண அனுமதி ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2024 பிப்ரவரி கடைசியில் வந்தது. பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் அவர் இறந்தார். தாயிடம் உடல் போய்ச் சேர்ந்தது. அனுமதியை நீ மறுக்கவில்லை. கோப்பில் எல்லாம் முறைப்படி இருக்கிறது. மற்ற மூவரை ஏப்ரல் தொடக்கத்தில் அனுப்பி வைத்தாய். கோப்பு எத்தனை வேகமாக நகர முடியும் என்று அப்போது நாங்கள் கண்டோம்.

உன் கட்சி பேதமின்மையையும் பாட வேண்டும். ராஜீவ் கொலைக்குப் பின், முகாம் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று கேட்க அன்று துணிந்தவர்கள் சிலரே. 1992 தொடங்கி 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விருப்பத்தோடு போகிறோம் என்ற படிவத்தில், படிக்கத் தெரியாத மொழியில், கையெழுத்து வாங்கப்பட்டதாக அன்றே புகார் எழுந்தது. பிறகு ஆட்சிகள் மாறின. சென்னையில் இரண்டு கழகமும், டெல்லியில் எல்லாக் கூட்டணியும் வந்து போயின. மேடையில் தொப்புள்கொடி உறவு என்று பேசாத தலைவர் இல்லை. சென்னையைக் கேட்டால் குடியுரிமை டெல்லியின் அதிகாரம் என்பாய், டெல்லியைக் கேட்டால் பரிசீலனை என்பாய். எல்லோரும் ஒத்துப்போகும் கொள்கை ஒன்று இந்த நாட்டில் உண்டு என்றால் அது இதுதான்.

இதில் மலையகத் தமிழரின் கதை தனி. அவர்களின் பாட்டன்களைத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் ஊர்களிலிருந்துதான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். பாகப் பத்திரத்தில் மாடு கன்றுக்குக்கூட இதைவிட விளக்கம் கேட்பார்கள். அந்த ஒப்பந்தத்தையும் அதைத் தொடர்ந்து வந்ததையும் ஒட்டி நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நீ குடியுரிமை கொடுத்தாய். இடையில் 1984இல் கப்பல் நின்றது. கலவரத்துக்குப் பயந்து படகில் வந்த மிச்சப் பேர் முகாமில் அகதி ஆனார்கள். கொட்டப்பட்டுவாசிகளும் அடங்கிய 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் இந்த மண்ணில் வேர் கொண்டவர்கள் என்பதைக் கருத்தில் கொண்டு 16 வாரத்தில் முடிவெடுக்கச் சொன்னார். ஆண்டுகள் பல ஓடிவிட்டன. கொட்டப்பட்டு முகாம் இன்றும் முகாம்தான். பாட்டனின் ஊருக்குத் திரும்பி வந்தவனைப் பாட்டனின் ஊரிலேயே அந்நியனாக வைத்திருக்க எளிய அரசுகளால் முடியாது.

உன் பெருந்தன்மைக்குக் கடைசியாக ஒரு சான்று. 1983இல் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று தாயோடு அகதியாகக் கனடா போய்ச் சேர்ந்தது. அந்தப் பிள்ளை கேரி ஆனந்தசங்கரி, 2025 மே மாதம் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். கனடாவின் எல்லையைக் காக்கும் நிறுவனம் அவர் பொறுப்பில் வருகிறது. அதே ஆண்டு மண்டபத்தில் இறங்கிய பிள்ளைகள் நம்மிடமும் இருந்தார்கள். அவர்களிலிருந்து அமைச்சர்களை உருவாக்கும் பெருமையை நீ பனி விழும் தேசங்களுக்கு விட்டுக்கொடுத்தாய். உனக்குப் பெயின்டர்கள் போதும் என்றாய்.

புகழ் முடிந்தது. இனி நான் கேட்க வந்தது.

இந்த மண்ணில் பிறந்த ஒவ்வொரு முகாம் பிள்ளைக்கும் குடியுரிமை கொடு. அவர்கள் எந்தக் கடலையும் தாண்டி வரவில்லை. அவர்கள் அறிந்த ஊர் திருச்சியும் திண்டுக்கல்லும்தான். பெற்றோர் படகில் வந்ததைச் சட்டவிரோதக் குடியேற்றம் என்று எழுதி வைத்திருக்கும் விதியிலிருந்து, நீயே பதிவு செய்து நீயே காத்தவர்களுக்கு விலக்குத் தா. தண்டனையிலிருந்து விலக்கு எழுத ஓர் உத்தரவு போதுமானதாக இருந்தது. இதற்கும் அப்படி ஒன்று போதும், தேவையென்றால் நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம். பேசப்படுபவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. நான்கரை லட்சம் பேரை ஏற்ற நாடு இது.

ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் முகாமில் இருக்கிறார்கள். விட்டு வந்த காணியும் கிணறும் அவர்கள் கனவில் வருகின்றன. அவர்களுக்கு இழுத்தடிக்காமல் தாளும், கௌரவமான பயணமும், போய் இறங்கும் இடத்தில் பாதுகாப்புக்கு இரு நாட்டு உறுதியும் வேண்டும். சிறப்பு முகாமை மூடு. குற்றம் செய்தவர்களை நீதிமன்றம் தண்டிக்கட்டும், நீதிமன்றம் விட்டவர்களை நீயும் விடு. நாளை மறுபடி ஒரு படகு மணல்திட்டில் ஆட்களை இறக்கினால், அவர்களை யார் விசாரிப்பது, எத்தனை நாளில் முடிவு சொல்வது, எதன் அடிப்படையில் மறுப்பது என்று சொல்லும் அகதிச் சட்டம் ஒன்றை எழுது. மறுப்பதானாலும் காரணம் சொல்லி மறு. காரணம் தெரிந்தவன் மேல்முறையீடு செய்வான், இல்லையென்றால் தன் வாழ்வை வேறு விதமாகத் திட்டமிடுவான். காத்திருக்க மட்டுமே சொல்லப்பட்டவனுக்கு இரண்டும் இல்லை.

இவற்றில் ஒன்றுக்கும் பெரிய பணம் வேண்டாம். நாற்பது ஆண்டாக மாதந்தோறும் எழுதிய பேரேடு உன் மேசையில் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஆம் அல்லது இல்லை என்று எழுதும் துணிவு வேண்டும், அவ்வளவுதான். அதை நீ செய்யும் நாளில் வேறு விதமான புகழை எழுத எடமலைப்பட்டி புதூரில் ஒருவன் காத்திருப்பான். அந்தப் புகழை எழுத எனக்கு எந்தத் தந்திரமும் தேவைப்படாது.